பழுது பார்ப்பவரும் பார்க்கக் கொடுப்பவரும்



கடையில் அரிசி வாங்குகிறவர் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். கல் இருக்கிறதா, குருணை மிகுந்திருக்கிறதா என்பது வாங்குமுன்னரே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மாம்பழம் வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை; ஆயினும் வீட்டிற்குப் போய் ஒரு துண்டு தின்றதும் இனிப்பா புளிப்பா என்று தெரிந்துவிடும். மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுப்பவருடைய நிலை இவ்விரண்டிலும் சேராது. வண்டி ஓடுகிறது, பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறிப் போகிறார். செய்த வேலை வேண்டிய வேலைதானா, சொன்ன வேலையெல்லாம் செய்யப்பட்டதா, மாற்றியதாகச் சொன்ன பாகம் மாற்றப்பட்டதா என்பவை அவருக்கு அன்றும் தெரியா. பல மாதங்கள் சென்ற பின்னரும் தெரியாமலே போகலாம். மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 1973-ஆம் ஆண்டில் இந்த மூன்றாம் வகையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்பிக்கையின் பேரில் மட்டுமே வாங்கக்கூடிய பண்டம் என்று அதனைக் கொண்டார்கள். வண்டி பழுது பார்த்தலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இவ்வகை வாணிகத்தில் வாடிக்கையாளர் படும் பாட்டையும், பட்டறைக்காரர் படும் பாட்டையும் குறித்து இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். நான் நேரில் அறிந்தது விஸ்வநத்தம் ஊர். ஆகவே அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊர். வானம் பார்த்த பூமி. உழவை நம்பிப் பிழைக்க இயலாத இந்தக் கரிசல் வட்டாரத்திற்கு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் ஒரு புதிய பிழைப்பைத் தந்தது. அதன் பின்னே பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பட்டாசு ஆலை குடியிருப்பிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்பது விதி. ஆதலால் தொழிலாளர்கள் பல கல் தொலைவு போய்வர நேர்கிறது. ஆலை வண்டியில் போகிறவர்கள் போக, மற்றவர்களுக்கெல்லாம் இரு சக்கர வாகனமே கதி. ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் நூறு சி.சி. வண்டி வந்தது. அதற்குமுன் இவ்வூர்ப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட்டோ ஜாவாவோ வைத்திருந்த இரண்டொரு பெரிய வீடுகளைத்தான் சொல்வார்கள். இப்போது கூலிக்குப் போகிறவர் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது. அது அலங்காரப் பொருளன்று. அது நின்றால் அன்றைய கூலி நின்றுவிடும்.

பட்டாசு ஆலைக்குள் எத்துணைக் கட்டுப்பாடு உண்டென்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். பீடி, தீப்பெட்டி, செல்பேசி ஆகியவற்றை வாயிலிலேயே விட்டுவிட வேண்டும். பருத்தி உடையே உடுத்த வேண்டும். இரும்புக் கருவி ஆகாது, பித்தளையோ மரமோதான். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் இறங்கும்படி உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டு அறைக்குள் நுழைய வேண்டும். மருந்து செலுத்தும் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. இவ்வளவுக்கும் உடன்பட்டு நாள் முழுதும் வேலை செய்தவர், மாலையில் வாயிலைக் கடந்ததும் பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியில் மூவராக ஏறிப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அறியாமை என்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது. மழை பெய்தால் ஆலையில் வேலை இல்லை. தீபாவளி கழிந்தால் சில நாள் வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி இப்படி ஏறி இறங்கும் வீட்டில், பழுது பார்க்கும் செலவு அடுத்த வாரத்திற்கென்று தள்ளப்படுகிறது. பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் மிகுவதற்கும், சுவரில் மாட்டிய கடன் நோட்டு தடித்துக்கொண்டே போவதற்கும் இதுவே காரணம்.

அவ்வூரில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர். இன்று அவருக்கு நாற்பதைக் கடந்துவிட்டது. ஊரார் அவரை அண்ணாச்சி என்கிறார்கள்; அவர் என்னை இன்னமும் சார் என்றே அழைக்கிறார். அவரது பட்டறையில் அமர்ந்து வருவோர் போவோரைக் கவனிப்பது ஓய்வு பெற்ற எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அங்கே நான் முதலில் கவனித்தது ஒரு பழைய தகரத் தட்டு. வண்டியிலிருந்து கழற்றிய தேய்ந்த பாகங்களையெல்லாம் அதிலே போட்டு வைப்பார். வண்டிக்காரர் வந்ததும் தட்டை முன்னே நீட்டி, "இது உங்கள் பழைய செயின், இது பிளக். எடுத்துப் போகிறீர்களா, இங்கேயே போட்டுவிடவா?" என்று கேட்பார். பெரும்பாலோர் இங்கேயே போடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவரும் அந்தத் தட்டைப் பாராமல் பணம் எடுப்பதில்லை.

இனி, இந்தத் தட்டின் அருமையை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். தொடர்புடையவர்களின் பெயர் வேண்டாம். தவறு நேர்ந்த பட்டறையின் பெயரும் வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதியர். இருவரும் பட்டாசு ஆலைத் தொழிலாளர். அந்த அம்மாள் சரவெடி பின்னுவதில் கைதேர்ந்தவர். பின்னிய அளவுக்குக் கூலி. அவர்களுடைய வண்டியின் பின் பிரேக் தளர்ந்துபோகவே, கணவர் வழியில் இருந்த ஒரு பட்டறையில் விட்டார். புதிய பிரேக் ஷூ போட்டாயிற்று என்று சொல்லி, ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டார்கள். மிதித்துப் பார்த்தார், நன்றாகவே பிடித்தது. சரியாகப் பதினோராம் நாள், மாலையில் ஆலையிலிருந்து திரும்பும்போது ஒரு வெள்ளாட்டு மந்தை சாலையின் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார், மிதி கீழ்வரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. ஆட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னால் இருந்த அம்மாள் சரளையில் விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டும் அதன்பின் கைப்பயிற்சியுமாக இரண்டு மாதங்களுக்கு மேல் அவரால் ஒரு சரம்கூடப் பின்ன முடியவில்லை.

கணவர் மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு ஊரில் எஞ்சியிருக்கும் உத்தியோகம் இதுதானே! "ரசீது இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை. "பணம் செல்பேசி வழியாகச் செலுத்தினீர்களா?" இல்லை, ரொக்கம். வண்டியை என் பழைய மாணவரின் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் சக்கரத்தைக் கழற்றினார்.

இவ்விடத்தில் பிரேக்கின் அமைப்பைச் சற்று விளக்கிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவே குடம் போன்ற ஓர் உலோகக் கூடு உண்டு; அதனை டிரம் என்பர். அதனுள்ளே பிறைச்சந்திரன் வடிவில் இரண்டு கட்டைகள், இவையே ஷூ. அவற்றின் முதுகில் உராயும் பொருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் ஒரு சிறு திருகுகட்டை திரும்பி இவ்விரு பிறைகளையும் விரிக்கிறது. அவை டிரம்மின் உட்சுவரைப் பற்றி உராய்கின்றன. வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, வண்டி நிற்கிறது. உராயும் பொருள் தேயத் தேயப் பிறைகள் கூடுதலாக விரிய வேண்டும். அதற்காக வெளியே உள்ள கம்பியின் நட்டை முறுக்கிவிடலாம். ஆனால் ஓர் எல்லைக்குமேல் அந்தத் திருகுகட்டை திரும்பியும் பயன் இல்லை. தேய்ந்த ஷூவின் வழவழத்த மேல்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, நட்டையும் கடைசிவரை முறுக்கிவிட்டால், சில நாள்களுக்குப் பிரேக் புதியதுபோலவே பிடிக்கும். மிதித்துப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு வேற்றுமை தெரியாது.

என் மாணவர் ஷூவை வெயிலில் பிடித்துக் காட்டினார். உராயும் பொருள் நகக்கனம் தான் இருந்தது. உப்புத்தாள் இழுத்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. கம்பியில் முறுக்குவதற்கு இனி மரை இல்லை. "சார், இது வண்டி வாங்கும்போது வந்த ஷூ. கம்பெனி முத்திரை இருக்கிறது பாருங்கள்" என்றார். பிறகு அந்தக் கணவரைப் பார்த்து, "எந்தப் பட்டறை என்று என்னிடம் சொல்லாதீர்கள் அண்ணே. நானும் அதே தொழில்தான் செய்கிறேன்" என்றார். அவர் சொன்னது எனக்கு முழுதும் உடன்பாடில்லை. ஆயினும் அவருடைய மனம் புரிந்தது.

ஷூவைச் செய்தித்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு முதற் பட்டறைக்குச் சென்றோம். உரிமையாளர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தார், மறுக்கவில்லை. "பையன் செய்திருப்பான்" என்றார். பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பதினைந்து வயதிருக்கலாம், கையெல்லாம் கிரீஸ். "தம்பி, புதிய ஷூ உன்னிடம் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய எனக்கு, குற்றம் செய்து தலைகுனிவது எது, மற்றொருவருக்காகத் தலைகுனிவது எது என்று ஓரளவு தெரியும். ஷூவுக்கும் கூலிக்கும் வாங்கிய பணம் திரும்பக் கிடைத்தது. இரண்டு மாதக் கூலியைப் பற்றிய பேச்சை எடுத்தபோது உரிமையாளர், "என் பட்டறையில் பார்த்ததற்கு என்ன சான்று?" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. அதற்கு மாற்றாக 2019-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பணியில் ஏற்படும் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். பில் கொடாமல் இருப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. நாட்டின் பல பகுதிகளுக்கும் நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் அச்சிட்டு அனுப்பும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு துண்டு ரசீதுக்குப் பஞ்சம் என்றால் அதனை என்னவென்று சொல்வது!

வேறு சான்றுகளைத் திரட்டி மனு எழுதித் தர நான் ஆயத்தமாகவே இருந்தேன். அந்தக் கணவர்தான் வேண்டாமென்றார். "அவளுக்கு இரண்டு மாதக் கூலி போய்விட்டது, சார். நானும் அலைந்தால் என் கூலியும் போகும்" என்றார். சட்டப் புத்தகத்தில் கட்டணம் இல்லை என்று எழுதியிருப்பதற்கும், நாட்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விடுவதற்கும் உள்ள தொலைவை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

இதைக் கேட்டுப் பட்டறைக்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டறையில் அமர்ந்து பார்த்தால் மறுபக்கமும் தெரியும். ஒரு கல்லூரி மாணவர் இன்ஜின் பிடித்துக்கொண்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆயில் எப்போது மாற்றினீர்கள்?" "போன மாதம், அண்ணாச்சி." வடிகால் மரையைக் கழற்றினால் ஒரு கரண்டி அளவு கறுப்புக் குழம்புதான் இறங்கிற்று. மற்றொருவர் வண்டி கீழே விழுந்ததை மறைத்துவிட்டு, கைப்பிடி ஏனோ ஒருபக்கம் இழுக்கிறது என்றார். முன் போர்க்கு வளைந்திருந்ததைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளுக்குக் கூலி தர அவருக்கு மனம் இல்லை. வெளியே மலிவாக வாங்கிய போலிப் பாகத்தைக் கொண்டுவந்து இதையே போடுங்கள் என்பவர், அது பத்து நாளில் உடைந்தால் பட்டறைக்காரரைத்தான் ஏசுவார். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு, கடனும் கொடுத்து, மாலையில் வண்டியைத் தயாராக வைக்கிறவருக்கு ஊரார் செய்யும் மரியாதை குறைவு. மருத்துவரிடம் உண்மையைச் சொல்கிற நாம், வண்டி பழுது பார்ப்பவரிடம் ஏன் மறைக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இக்குறை நம்மூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1974-ல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பை வைத்து ஒரு தத்துவ நூல் எழுதினார். 121 பதிப்பாளர்கள் மறுத்த பின்னரே அந்நூல் அச்சேறியது. பின்னர் பல லட்சம் படிகள் விற்றது. அதிலே தம் வண்டியின் இன்ஜின் இறுகிப்போனதையும், பட்டறையில் ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு வேலை செய்த இளைஞர்கள் அதனைத் திரும்பத் திரும்பக் கெடுத்ததையும் அவர் விவரிக்கிறார். கடைசியில் மூலகாரணம், எண்ணெய் செல்லும் வழியில் முறிந்து கிடந்த ஒரு சிறு ஊசி. அதன் விலை கால் டாலர். அந்த இளைஞர்கள் தீயவர்கள் என்று அவர் சொல்லவில்லை. வேலையில் மனம் இல்லாமல் பார்வையாளர்போல் நின்றார்கள் என்பதே அவருடைய குறை. அதைப் படித்தபோது, தலைகுனிந்து நின்ற அந்தப் பையன் என் நினைவுக்கு வந்தான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூலி வேலைக்கு வைத்தல் குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதைக் கடந்து வருகிற பிள்ளைக்கோ தொழிலைச் சரியாகக் கற்பிப்பார் வேண்டும். முதலில் கற்பது உப்புத்தாள் வித்தையானால், அவனிடம் பிறகு எந்த ஊர் தன் வண்டியை ஒப்படைக்கும்?

நல்ல பட்டறைகளுக்கும் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புது வண்டிகள் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. அதனால் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை வந்துவிட்டது. என் மாணவர் காதை வைத்து இன்ஜினின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லக்கூடியவர். புது வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அதன் பொருளை அறிய அதற்குரிய கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். அக்கருவியும் அதற்கான குறிப்புகளும் எல்லாப் பட்டறைகளுக்கும் எளிதில் கிடைப்பதில்லை. பழுது பார்க்கும் உரிமை என்ற பெயரில் மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. உற்பத்தியாளர்கள் கையேடுகளையும் உதிரிப் பாகங்களைப் பற்றிய விவரங்களையும் வெளியே தர வேண்டும் என்பது அதன் நோக்கம். வாகனங்களும் அதில் அடங்கும். இது கிராமத்துப் பட்டறை வரை எட்டுமானால் பட்டறைக்காரருக்கும் நன்மை. பத்து கல் தொலைவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாத கூலிக்காரருக்கும் நன்மை.

மாணவர்களாகிய உங்களுக்குச் செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டு வண்டியோடு தந்த கையேடு அலமாரியில் எங்கேனும் கிடக்கும். அதனைத் தேடி எடுத்து, பிரேக், செயின், ஆயில் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் படியுங்கள். செயினை நடுவே விரலால் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு ஆட வேண்டும் என்று அதில் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது 2 முதல் 3 சென்டிமீட்டர். பிறகு பின்சக்கரத்தின் அருகே குனிந்து பாருங்கள். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு அம்பு இருக்கும். பக்கத்தில் உள்ள மூடியில் ஒரு குறி இருக்கும். ஒருவர் மிதியை முழுதும் அழுத்தட்டும். மற்றவர் அம்பைக் கவனிக்கட்டும். அம்பு அந்தக் குறியை எட்டிவிட்டால், உள்ளே உள்ள ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. புதிய ஷூ போட்டாயிற்று என்று வண்டியைத் திரும்பத் தரும்போது, பணம் கொடுக்குமுன் அதே இடத்தில் மறுபடியும் குனிந்து பாருங்கள். புதிய ஷூ போட்டிருந்தால் அம்பு குறியைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்கும்.